ஒரே ரோஜா, இரண்டு விதி: மான் வரும் தோட்டத்தில் இரண்டு வருடப் பதிவு

அதிகாலையில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, ஒண்ணுகூட மிச்சமில்லடா. ராத்திரி எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் படுத்தேன்." முந்தைய மாலை வரை மொட்டும் பூவுமாக நின்ற செம்பருத்தி வரிசை, விடியும்போது வெறும் குச்சியாக நின்றது. காசித்தும்பைப் பாத்தியில் சாறு வடியும் தண்டுகள் மட்டும். ரோஜாவில் ஒரு கொழுந்துகூட இல்லை. எல்லாம் அவள் ஒரு வருடம் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. நான் செடிகளோடு வேலை செய்கிறவன். அந்தத் தோட்டத்தைத் திரும்ப எழுப்பித் தருவது என் பொறுப்பு என்று அன்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வருடம் அங்கே எதை நட்டோம், எது நிலைத்தது, எது போனது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

வீடு காட்டின் விளிம்பில் இருக்கிறது. தோட்டம் சுமார் 50 அடி அகலம், 80 அடி நீளம், மெல்லிய சரிவு. மேல்முனையில் வீடு. கீழ்முனை மரங்களுக்குள் போய்க் கலந்துவிடுகிறது. கீழே இடது ஓரத்தில், மான்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடம் ஒன்று உண்டு. செம்பருத்தி வரிசை சரியாக அந்தத் தடத்தின் வாயில் இருந்தது. நடும்போது நாங்கள் யாரும் தடத்தைக் கவனிக்கவில்லை. வெயில் நன்றாக விழும் இடம் என்பதை மட்டும் பார்த்து வைத்தோம்.

தின்றது யார்?

இதை உறுதி செய்யாமல் செடி மாற்றக் கூடாது. எல்லாப் பழியையும் மான் தலையில் போட்டுவிட்டு, கடைசியில் முயலுக்கோ நத்தைக்கோ தீனி போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் தடித்த ஈறு மட்டும்தான் இருக்கும். கீழ்ப்பற்களை அதில் அழுத்திப் பிடித்து, தலையை வெட்டி இழுக்கும். அதனால் கடிபட்ட நுனி கிழிந்து, நாரும் தோலுமாகத் தொங்கும். முயல் கடித்த இடம் கத்தியால் சாய்வாக நறுக்கியது போலச் சுத்தமாக இருக்கும். பூச்சி தின்றால் இலையில் ஓட்டை விழும், நரம்பு மிஞ்சும். நத்தை போன இடத்தில் காய்ந்த பளபளப்பு தெரியும்.

செம்பருத்தி நுனிகள் எல்லாம் நார் நாராகக் கிழிந்திருந்தன, அதுவும் இடுப்புக்கு மேல் உயரத்தில். ஈர மண்ணில் இரட்டைக் குளம்புத் தடம் பதிந்திருந்தது. பக்கத்திலேயே புழுக்கைகள். சந்தேகமே இல்லை, மான்தான். ஆனால் காசித்தும்பைப் பாத்தியில் பாதித் தண்டுகள் சாய்வாக நறுக்கப்பட்டிருந்தன. அங்கே முயலும் பங்கு வாங்கியிருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. மானை நிறுத்தும் அகலக் கண்ணி வலைக்குள் முயல் சர்வ சாதாரணமாக நுழைந்துவிடும். காசித்தும்பைக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பது அன்றே தெரிந்தது.

வருவது எந்த மான் என்பதும் முக்கியம். கேளையாட்டின் தோள் உயரம் இரண்டடியைச் சுற்றித்தான். கடமானின் தோள் நாலடி, ஐந்தடி வரை போகும். வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் கழுத்தை நீட்டினால் ஆறடி உயரம் வரை தழையைக் காலி செய்யும், தேவைப்பட்டால் பின்னங்காலில் எழுந்தும் நிற்கும். ஒருவருடைய தோட்டத்தில் பிழைத்த செடி இன்னொருவருடைய தோட்டத்தில் மொட்டையாவதற்கு இந்த உயரக் கணக்கும் ஒரு காரணம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அக்காவிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். தினமும் காலையில் ஒரு சுற்றுச் சுற்றி, எந்தச் செடி, எந்த இடம், எவ்வளவு போயிருக்கிறது என்று எழுத வேண்டும். நாலே நாலு சொல் போதும்: தொடவில்லை, நுனி, பாதி, மொட்டை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தோட்டச் செடிகளை மான் சேதத்தின்படி நான்கு தரமாகப் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாலு என்ற யோசனை அதிலிருந்து எடுத்ததுதான். அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த ஒரு நேர்மை உண்டு. அதன் மிகச் சிறந்த தரத்துக்கே "அரிதாகச் சேதமாகும்" என்றுதான் பெயர். "சேதமே ஆகாது" என்று ஒரு தரம் அதில் இல்லை. நாற்றுப்பண்ணையில் "மான் தொடாத செடி" என்று அட்டை கட்டி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

அந்த நோட்டு இல்லாமல் இந்தப் பதிவே இல்லை. மனம் எப்போதும் மொட்டையான செடியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். தொடாமல் விட்ட செடியை யாரும் கவனிப்பதில்லை. நமக்குத் தேவையான செய்தி அதில்தான் இருக்கிறது.

மானின் வாயும் வயிறும்

மான் அசைபோடும் விலங்கு, ஆனால் மாடு போலக் கிடைத்த புல்லையெல்லாம் வாரிப் போட்டுக்கொள்ளும் விலங்கு இல்லை. ஜெர்மானிய ஆய்வாளர் ஹோஃப்மன் 1989இல் வெளியான தன் கட்டுரையில் அசைபோடும் விலங்குகளை மூன்று கூட்டமாகப் பார்த்தார்: சத்துள்ள தழையைப் பொறுக்கித் தின்பவை, புல் மேய்பவை, இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. ஐரோப்பாவின் ரோ மான் முதல் கூட்டம், செம்மான் நடுக் கூட்டம், மாடும் செம்மறியும் புல் கூட்டம். பொறுக்கித் தின்னும் மானுக்கு வாய் குறுகலாக இருக்கும். ஒரு கிளையில் பத்து இலை இருந்தால் மேலே உள்ள இரண்டு கொழுந்தையும் மொட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு நகரும். கொழுந்தில் நார் குறைவு, புரதமும் நீரும் அதிகம். பூ மலரும் முந்தின நாள் இரவு மொட்டு காணாமல் போவதன் காரணம் இதுதான்.

சரி, எதைத் தவிர்க்கும்? மானின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தழையைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. ரோஸ்மேரி, லாவெண்டர், துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப் புல் போன்றவற்றின் வாசனை எண்ணெய் அதிகமாக உள்ளே போனால் அந்த நுண்ணுயிர்கள் தளர்ந்துபோகும். நம் மூக்குக்கு மணம், மானின் வயிற்றுக்குத் தொந்தரவு. இரண்டாவது, கசப்பும் நஞ்சும். நித்தியகல்யாணியில் உள்ள ஆல்கலாய்டு என்ற கசப்பான வேதிப்பொருள்களிலிருந்து புற்றுநோய் மருந்தே எடுக்கிறார்கள். மான் அதை ஒதுக்குவதில் வியப்பில்லை. டாஃபோடில், துலிப் இரண்டும் கிழங்கிலிருந்து வருபவை. டாஃபோடிலில் லைக்கோரின் என்ற ஆல்கலாய்டு இருப்பதால் மான் அதை விட்டுவிடும், பக்கத்திலேயே நிற்கும் துலிப்பைத் தரையோடு தின்றுவிடும். மூன்றாவது, பால் வடியும் எருக்கு, கிறிஸ்துமுள் மாதிரிச் செடிகள். நான்காவது, ரோமம் அடர்ந்த, சொரசொரப்பான இலை.

முள்ளை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ரோஜாவுக்கு முள் இருக்கிறது, காகிதப்பூவுக்கும் இருக்கிறது. ஆனால் புதுத் தளிரில் முள் இன்னும் பச்சையாக, மெத்தென்று இருக்கும். மான் தின்பது அந்தத் தளிரைத்தான். முள்வேலி போல ரோஜாவைச் சுற்றி நட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நமக்கு விஷம் என்றால் மானுக்கும் விஷம் என்று நினைப்பதும் தவறு. குதிரையையும் மாட்டையும் கொல்லக்கூடிய யூ மரத்தின் தழையை வெள்ளைவால் மான் விரும்பித் தின்கிறது. டானின் அதிகமுள்ள துவர்ப்பான இலைகளையும் தழை மேயும் மான்கள் ஓரளவு சமாளிக்கும், ஏனென்றால் டானினைப் பிடித்துக் கட்டிவிடும் புரதம் அவற்றின் உமிழ்நீரிலேயே இருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்து மான் தின்னுமா தின்னாதா என்று நாம் முடிவு செய்ய முடியாது.

முதல் நடவு தோற்றது

பட்டியல் கையில் இருந்தது, காரணமும் புரிந்தது. தடத்தின் வாயில் இருந்த செம்பருத்தியை எடுத்துவிட்டு ரோஸ்மேரி, நித்தியகல்யாணி, எலுமிச்சைப் புல், துலுக்கச் சாமந்தி என்று முப்பது கன்றுகள் நட்டோம். அக்காவுக்கு மனம் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாம் நாள் காலை பன்னிரண்டு கன்றுகள் குழிக்கு வெளியே கிடந்தன.

நான் போய்ப் பார்த்தேன். ஆறேழு கன்றுகள் கடிபட்டு, பக்கத்திலேயே துப்பப்பட்டுக் கிடந்தன. மீதி, வேரோடு பிடுங்கிப் போட்டவை. தின்றது மிகக் குறைவு, சாகடித்தது அதிகம். காரணம் யோசித்தால் எளிது. மான் புதிதாக ஒன்றைக் கண்டால் ஒரு வாய் வைத்துப் பார்க்கும். தின்றபின் வயிறு சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்த முறை தின்பதா விடுவதா என்று தீர்மானிக்கும். வேர் பிடித்த செடியாக இருந்தால் ஒரு கிளை நுனியோடு அந்தப் பரிசோதனை முடிந்துவிடும். நட்டு மூன்று நாளான கன்றில் அதே இழுப்பு மொத்தச் செடியையும் கொண்டுபோய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நாற்றுப்பண்ணைக் கன்றுகள் தினமும் நீரும் தழைச்சத்து உரமும் வாங்கி வளர்ந்தவை. உடம்பு மிருதுவாக, புரதம் நிறைந்து, வாசனை எண்ணெய் மெலிந்து இருக்கும். வெயிலில் காய்ந்து இறுகிய ரோஸ்மேரியும், நிழல்வலைக்குள் செழித்த ரோஸ்மேரியும் மானுக்கு ஒரே செடி இல்லை. மான் எதிர்ப்புள்ள செடி என்று சொல்லும்போது நாம் வளர்ந்து இறுகிய செடியைத்தான் சொல்கிறோம். குழந்தைப் பருவத்தில் அது எல்லாச் செடியையும் போல ஒரு இளந்தளிர்.

இரண்டாம் முறை நட்டபோது ஒவ்வொரு கன்றின் மேலும் கம்பி வலைக் கூடு கவிழ்த்து, நாலு மூலையிலும் முளை அடித்தோம். இரண்டு மாதம் கூடு அப்படியே இருந்தது. தழைச்சத்து உரம் கொடுக்கவே இல்லை. வேர் பிடித்தபின் தண்ணீரையும் குறைத்தோம். கூட்டை எடுத்த பிறகு நோட்டில் பெரும்பாலும் "தொடவில்லை", அங்கங்கே "நுனி". வருடா வருடம் புதிய குட்டிகள் பிறந்து வரும், அவையும் ஒரு வாய் வைத்துப் பார்க்கும் என்பதால் அந்த "நுனி" முழுதாகப் போகப்போவதில்லை.

அந்த இரண்டு ரோஜா

இந்தப் பதிவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அக்காவிடம் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி வைத்த இரண்டு ரோஜாக்கள் இருந்தன. ஒன்று தடத்திலிருந்து பத்தடியில். மற்றது சமையலறைக் கதவுப் பக்கம், வளர்ந்த ரோஸ்மேரிப் புதருக்குப் பின்னால். ஒரே மண், ஒரே கவாத்து, ஒரே நாள் உரம். முதல் எட்டு மாத நோட்டில் தடத்து ரோஜா ஐந்து முறை மொட்டை. கதவு ரோஜா இரண்டு முறை நுனி, அவ்வளவுதான்.

கதவு ரோஜாவுக்கு மூன்று அனுகூலம். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் பக்கத்தில். மானின் வழக்கமான பாதையிலிருந்து தூரம். முன்னால் நிற்கும் ரோஸ்மேரி வாசனையாலும் உருவத்தாலும் அதை மறைக்கிறது. ஒரு செடியின் கதியை அதன் பக்கத்துச் செடி மாற்றும் என்பது சூழலியலில் நன்கு தெரிந்த சங்கதி. விருப்பமில்லாத செடிகளின் நடுவே நிற்கும் நல்ல தீனி தப்பிக்கும். தலைகீழாகவும் நடக்கும். எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்த பாத்தியை ஒட்டி வைத்த துலுக்கச் சாமந்தி பாதி போனது. அதே சாமந்தி பத்தடி தள்ளி, எலுமிச்சைப் புல்லின் நடுவே, தொடாமல் நின்றது. சர்க்கரைவள்ளி இலைக்கு மான் உயிரை விடும். அதைத் தேடி வந்த வாய் பக்கத்தில் உள்ளதையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

அதனால் "எந்தச் செடியை மான் தின்னாது?" என்று யாராவது கேட்டால், இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன்: எங்கே வைக்கப் போகிறீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது, மான் எந்த வழியாக வருகிறது? செடியின் பெயர் அந்தக் கேள்விகளுக்கு அப்புறம்தான்.

ஒன்பதாம் மாதம் கடும் வறட்சி வந்தது. காட்டில் பச்சை குறைந்தது. ஒரு வாரத்தில் கதவு ரோஜாவும் மொட்டை. நித்தியகல்யாணியிலேயே நுனி கடித்திருந்தது, எலுமிச்சைப் புல் மட்டும் நின்றது. பசி வந்தால் பட்டியல் பறந்துவிடும். அக்கா அழவில்லை. நோட்டில் எழுதிவிட்டு, "பாவம், அதுக்கும் வேற வழியில்ல" என்றாள். ஆனால் அன்றுதான் ஒன்றை முடிவு செய்தோம். இழக்கவே முடியாத செடி எதுவோ அதைச் செடித் தேர்வை நம்பி விடக் கூடாது. அதற்கு வலை வேண்டும்.

முழுத் தோட்டத்துக்கும் வேலி என்றால் பெரிய வகை மான்களுக்கு எட்டடி உயரம் வேண்டும். அதற்கு எங்களால் முடியாது. ஆனால் மானுக்கு ஒரு தயக்கம் உண்டு. இறங்கும் இடம் குறுகலாக இருந்தால் தாண்டாது. உயரத்தையும் அகலத்தையும் ஒரே பாய்ச்சலில் கடக்கவும் விரும்பாது. நாலைந்தடி இடைவெளியில் இரண்டு வரிசைக் குட்டை வேலி போடுவது இதை வைத்துத்தான். நாங்கள் வீட்டை ஒட்டிப் பன்னிரண்டுக்கு எட்டடியில் ஒரு சின்ன அடைப்புப் போட்டோம். உயரம் ஐந்தடி, கீழே இரண்டடிக்குப் பொடிக் கண்ணி வலை, அது முயலுக்காக. செம்பருத்தி, காசித்தும்பை, அவரை, அந்தத் தாய் ரோஜா எல்லாம் உள்ளே போயின. அவரைக் குடும்பத்தை வெளியில் வைப்பது மானுக்கு விருந்து வைப்பதுதான்.

முட்டை கலந்த தெளிப்பையும் பார்த்தோம். முட்டை அழுகும் கந்தக வாடைக்குத் தழை தின்னும் விலங்கு ஒதுங்கும். வேலை செய்தது. ஆனால் மழை பெய்தால் போயிற்று. தெளித்தபின் வந்த கொழுந்தில் மருந்து இருக்காது, மான் தேடுவதோ அந்தக் கொழுந்தை. ஒரே வாடை தொடர்ந்தால் பழகியும் விடும். மொட்டு விடும் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் கைகொடுக்கும் உதவியாக அதை வைத்துக்கொண்டோம்.

தின்னாமலே கொன்றது

கீழ்முனையில் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு இளமரம். அதன் இலையை மான் ஒருநாளும் தொட்டதில்லை. நோட்டில் பதினோரு மாதம் "தொடவில்லை". ஒரு நாள் காலையில் தண்டின் பட்டை இரண்டடி உயரத்திலிருந்து மூன்றரை அடி வரை உரிந்து தொங்கியது. ஆண்மான் கொம்பின் மேல்தோலை உரிக்கவும், தன் வாடையைப் பதிக்கவும் இப்படி இளமரங்களில் தேய்க்கும். வளைந்து கொடுக்கும், கிளையில்லாத, ஒல்லியான தண்டைத்தான் தேடும். சுவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டை சுற்றிலும் உரிந்தால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்க வழியற்றுப் போகும். அந்த மரம் நாலு மாதத்தில் காய்ந்தது. செடி தேர்வைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த என் பிழை அது. இளமரம் நட்ட அன்றே தண்டைச் சுற்றிக் கம்பி வலை உருளை மாட்டியிருக்க வேண்டும். தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் விலகி நின்றால் போதும்.

வேண்டாம் என்று ஒதுக்கியவை

மான் தொடாத செடிகளில் முதலில் நிற்பவை உண்ணிச்செடியும் அரளியும். இரண்டையும் நாங்கள் நடவில்லை. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டு, வெப்ப நாடுகளின் காடுகளை மூடிய செடி. பழத்தைப் பறவை தின்று விதையைக் காட்டுக்குள் போடும். அங்கே அது அடர்ந்தால் கீழே புல்லும் தழையும் எழாது. அப்புறம் பசித்த மான் எங்கே வரும்? வட அமெரிக்காவில் ஜப்பானிய பார்பெரி என்ற முள்புதர் காட்டுக்குள் பரவியதற்கும் மான் அதை விட்டு மற்றதைத் தின்றது ஒரு காரணம். காட்டை ஒட்டித் தோட்டம் வைப்பவர்களுக்கு இந்தப் பொறுப்பு கூடுதலாக உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மான் தின்னாத செடி, வேலியைத் தாண்டிப் பரவவும் செய்தால், அது நமக்கு வேண்டாம்.

அரளியின் இலை, தண்டு, பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அக்கா வீட்டில் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். அங்கே பேச்சே இல்லை.

இரண்டாம் வருட முடிவில் தோட்டத்தின் அமைப்பு இப்படி: கீழே தடத்தை ஒட்டி எலுமிச்சைப் புல்லின் அடர்ந்த வரிசை, அதன் நடுவே மான் போய்வரத் தடம் அப்படியே விட்டிருக்கிறோம். அடைத்தால் வேறு வழி தேடி நடுத் தோட்டத்துக்குள் புகும். அடுத்து ரோஸ்மேரியும் கற்பூரவல்லியும். நடுவில் நித்தியகல்யாணி, கிறிஸ்துமுள், சாமந்தி. சர்க்கரைவள்ளி தோட்டத்திலேயே இல்லை. வீட்டோரம் கதவு ரோஜாவும், வலைக்குள் மற்ற செல்லங்களும்.

போன வாரம் போயிருந்தபோது நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தது: "எலுமிச்சைப் புல், தொடவில்லை. ரோஸ்மேரி, தொடவில்லை. கதவு ரோஜா, நுனி. செம்பருத்தி, வலைக்குள் 11 பூ. வலைக்கு வெளியே நீண்ட ஒரே கிளை, மொட்டை."